எழுபத்தஞ்சு கேஸும் நான்கு சுவரும்

மயிலாப்பூர் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இரண்டு வீடுகளில் வேலை செய்யும் ஒரு பெண், சில மாதங்களுக்கு முன் என் முன்னால் ஒரு மஞ்சப் பையைக் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளையின் டி.சி. அவற்றோடு, பிளாஸ்டிக் கவருக்குள் நாலாக மடித்த ஐந்து காகிதங்கள். ஐந்தும் சி.எஸ்.ஆர். ரசீதுகள். கணவன் அடித்ததற்காகப் பதினொரு வருடத்தில் இரண்டு காவல் நிலையங்களில் அவர் கொடுத்த ஐந்து புகார்களின் அடையாளம். ஒன்றுகூட எஃப்.ஐ.ஆர். ஆகவில்லை. ஐந்து முறையும் கணவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, திட்டி, "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் அனுப்பி வைத்திருக்கிறார்கள்.

"இதெல்லாம் வச்சிருந்தா எதுக்குனா ஒதவுமா மேடம்?" என்று கேட்டார்.

உதவும் என்று சொன்னேன். அவர் அடிபட்ட தேதிகளுக்கு அரசாங்கமே கொடுத்த சாட்சி அது. ஆனால் அன்று இரவு முழுக்க வேறொரு கேள்வி என்னை விடவில்லை. இவ்வளவு சட்டங்கள் வந்த பிறகும், சென்னையின் ஒரு உழைக்கும் தலித் பெண்ணுக்குக் கையில் மிஞ்சுவது ஏன் ரசீது மட்டும்? அதற்குப் பதில் இன்றைய ஸ்டேஷனில் மட்டும் இல்லை. நூற்றைம்பது வருட வரலாற்றில் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

தெருவுக்கு வந்தால்தான் குற்றம்

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் எழுதப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் மனைவியை அடிப்பது என்று தனிக் குற்றம் கிடையாது. யாரை அடித்தாலும் 323ஆவது பிரிவு, அதாவது சாதாரணக் காயம். அது போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றம். மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். திருட்டோ போலீஸ் நேரடியாகப் பிடிக்கக்கூடிய குற்றம். ஒருவன் பக்கத்து வீட்டுப் பித்தளைச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினால் போலீஸ் துரத்தலாம். மனைவியைக் கன்னம் வீங்க அறைந்தால், அவள் மாஜிஸ்திரேட்டிடம் போய் உத்தரவு வாங்கி வரவேண்டும். சொத்துக்கும் பெண்ணின் உடம்புக்கும் சட்டம் போட்ட விலை இது.

அப்படியானால் மெட்ராஸ் பட்டணத்துப் போலீஸ் அடித்தவனை என்ன செய்தது? கையில் இருந்தது 1888ஆம் வருடத்துச் சென்னை நகரக் காவல் சட்டம். அதன் 75ஆவது பிரிவு, பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்வோருக்கானது. இன்றும் நம் பகுதிகளில் 'எழுபத்தஞ்சு கேஸ்', 'பெட்டி கேஸ்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குடித்துவிட்டு வந்து பொண்டாட்டியை அடிப்பவனைத் தெருவே திரண்டு கொண்டுபோய் ஒப்படைத்தால், ராத்திரி உட்கார வைத்து, காலையில் அபராதம் கட்ட வைத்து அனுப்புவார்கள். அந்த அபராதப் பணமும் பெரும்பாலும் அவள் பாத்திரம் தேய்த்துக் கொண்டுவந்த பணம்தான்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிரிவில் குற்றம் என்பது அடித்தது அல்ல. தெருவில் சத்தம் போட்டது. வீட்டுக்குள் சத்தமில்லாமல் அடித்தால் எழுபத்தஞ்சு வராது. பாதிக்கப்பட்டவள் மனைவி அல்ல, தெருவின் அமைதி. இந்த 'பொது இடம்' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் வேறொரு சட்டத்தில் அது திரும்பி வரும்.

நமக்கு என்ன இருந்தது?

'சேரியில் எல்லாம் அடிதடிதான்' என்று பேசுகிறவர்களுக்கு ஒரு வரலாறு தெரியாது. உயர்த்திக்கொண்ட சாதிகளில் கணவனை விட்டு விலகும் வழியே பெண்ணுக்கு அடைக்கப்பட்டிருந்த காலத்தில், உழைக்கும் சாதிகளில் தீர்த்துவிடுவது, அறுத்துக்கட்டுவது என்ற வழக்கங்கள் இருந்தன. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் உறவை முடித்துக்கொண்டு இன்னொருவரைக் கட்டிக்கொள்ளலாம். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பரிசம் போடுவதுதான் முறையாக இருந்தது. பெண்ணும் கூலிக்குப் போனாள், அவள் சம்பாத்தியத்துக்கு மதிப்பு இருந்தது.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பஞ்சாயத்திலும் உட்கார்ந்தவர்கள் ஆண்கள்தான். அவளைத் தரையில் நிற்க வைத்துத்தான் கேள்வி கேட்டார்கள். வாங்கிய பரிசத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாதவள் மறுபடியும் அவனிடமே போகவேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு கதவு இருந்தது.

அந்தக் கதவைச் சட்டமாக்க வேண்டும் என்று கேட்டவர்களில் தலித் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள் என்பதை நம் மேடைகளே மறந்துவிட்டன. 1942 ஜூலை 20 அன்று நாகபுரியில் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு நடந்தது. சுலோசனா டோங்ரே தலைமை. மனைவிக்கு விவாகரத்து உரிமை வேண்டும், பலதார மணத்தைத் தடை செய்ய வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அந்த மாநாட்டில் பேசிய பாபாசாகேப், மணமாகும் ஒவ்வொரு பெண்ணும் கணவனுக்குச் சமமான தோழியாக நிற்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்று சொன்னார். பட்டியல் சாதியினர் சம்மேளனத்தின் முக்கியத் தலைவராக இருந்த நம் சென்னையின் மீனாம்பாள் சிவராஜ், கௌரவ மாஜிஸ்திரேட்டாகவும் பணியாற்றியவர். எந்த நீதிமன்றங்களில் நம் மக்கள் பெட்டி கேஸுக்குக் கைகட்டி நின்றார்களோ, அப்படியொரு ஆசனத்தில் ஒரு தலித் பெண் அமர்ந்திருந்தார். இதைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறீர்களா?

சுயமரியாதை இயக்கமும் 1929 செங்கல்பட்டு மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் கேட்டது. சென்னை மாகாணம் 1949இல் இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்துக்கு வழிசெய்யும் சட்டம் கொண்டுவந்தது. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டதையும் ஒரு காரணமாகச் சொல்லித்தான் அம்பேத்கர் 1951இல் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார். பிறகு துண்டு துண்டாக வந்த 1955 இந்துத் திருமணச் சட்டத்தில் கொடுமை என்பது பிரிந்து வாழ்வதற்கு மட்டும் காரணமானது. கொடுமைக்காகவே விவாகரத்து கேட்கும் உரிமை 1976 திருத்தத்தில்தான் வந்தது.

சாந்தோம் பக்கத்தில் இருக்கிற நம் கிறிஸ்தவ சகோதரிகளின் நிலை இன்னும் மோசம். 1869ஆம் வருடத்து விவாகரத்துச் சட்டத்தின்படி, கணவன் மனைவியின் தகாத உறவை மட்டும் காட்டினால் போதும். மனைவியோ அவனுடைய தகாத உறவையும் காட்ட வேண்டும், அதோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்தும் காட்ட வேண்டும். அடி மட்டும் போதாது. அந்தச் சட்டம் திருத்தப்பட்டது 2001இல்!

வரதட்சணை என்ற சாவி

1970களின் இறுதியில் டெல்லியில் இளம் மருமகள்கள் எரிந்து செத்தார்கள். 'ஸ்டவ் வெடித்துவிட்டது' என்று வழக்கு மூடப்பட்டது. பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. சென்னையிலும் அந்த வருடங்களில் பெண்ணுரிமை இயக்கம் குடிசைப் பகுதிப் பெண்களிடையே வேலை செய்தது. 1981இல் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் முதல் தேசிய மாநாடு இங்கேதான் கூடியது. அந்தப் போராட்டங்களின் பலன்தான் 1983இல் சேர்க்கப்பட்ட 498-ஏ. முதன்முறையாக, வீட்டுக்குள் கணவன் செய்யும் கொடுமை அந்தப் பெயரிலேயே குற்றமானது. மூன்று வருடம் வரை சிறை. போலீஸ் நேரடியாக விசாரிக்கலாம். 1986இல் 304-பி, வரதட்சணைச் சாவு.

இது பெரிய வெற்றி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எந்த அனுபவத்திலிருந்து ஒரு சட்டம் பிறக்கிறதோ, அந்த அனுபவத்தின் சாயல் அதில் ஒட்டிக்கொள்ளும். 498-ஏவில் இரண்டு பகுதிகள். ஒன்று, தற்கொலைக்குத் தள்ளும் அளவுக்கோ உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் பெருந்தீங்கு வரும் அளவுக்கோ கொடுமை செய்வது. இன்னொன்று, சொத்தும் பணமும் கேட்டுத் துன்புறுத்துவது. முதல் பகுதிக்கு வரதட்சணையே தேவையில்லை. சட்டத்தில் அப்படி. ஸ்டேஷனில் அப்படி இல்லை. "எவ்வளவு நகை போட்டீங்க? இன்னும் கேட்டானா?" என்பதுதான் முதல் கேள்வி. காதலித்துக் கட்டிக்கொண்டு ஒரு பொட்டுத் தங்கம் கொண்டுவராத பெண், "இல்ல மேடம், சும்மாவே அடிக்கிறான்" என்றால், அது 'குடும்பத் தகராறு' ஆகிவிடும்.

இதைத் தெரிந்துகொண்ட மனு எழுதுபவர் என்ன செய்வார்? பத்துச் சவரன் நகை, ஐம்பதாயிரம் ரொக்கம் என்று இரண்டு வரி சேர்த்துவிடுவார். அந்த இரண்டு வரி குறுக்கு விசாரணையில் உடையும். அதோடு அவள் வாங்கிய உண்மையான அடியும் பொய்யாகிவிடும். '498-ஏ என்றாலே பொய் வழக்கு' என்று பேசுகிறவர்கள் இந்தப் பொய்யை யார் எழுத வைத்தது என்று கேட்பதில்லை. அதே நேரம், பரிசம் வாங்கிய நம் சமூகமும் மேலே இருப்பவர்களைப் பார்த்து வரதட்சணைக்கு மாறிக்கொண்டது. படித்த மாப்பிள்ளைக்கு பைக், கவர்ன்மெண்ட் மாப்பிள்ளைக்கு அதற்கு மேல். இந்த 'முன்னேற்றத்தை'யும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஏழு வருடக் கணக்கு இன்னொன்று. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் மனைவி இயற்கைக்கு மாறாக இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை வரும், இறப்புக்கு முன் வரதட்சணைக் கொடுமை நடந்ததைக் காட்டினால் சட்டத்தின் ஊகம் அவள் பக்கம் சாயும். பன்னிரண்டாவது வருடத்தில் செத்தவளுக்கு அந்த ஊகம் கிடையாது. மஞ்சப் பைக்காரப் பெண்ணுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது.

1992: ஆயிரம் விளக்கும் வாச்சாத்தியும்

தமிழ்நாட்டுக் காவல் துறையில் பெண்கள் சேர்க்கப்பட்டது 1973இல். ஒரு எஸ்.ஐ., ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். கேரளம் அதே வருடம் கோழிக்கோட்டில் நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையத்தைத் திறந்தது. 1985இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரம் பெண்களுக்கெனத் தனி நிலையம் திறந்து உலகத்தின் பார்வையை ஈர்த்தது. 1992இல் ஜெயலலிதா அரசு ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் தொடங்கியது. மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் என்று பரவி, இன்று மாநிலம் முழுக்க 200க்கும் மேல்.

அந்த நிலையங்களால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆண் போலீஸ் முன்னால் புடவையை விலக்கிக் காயத்தைக் காட்டக் கூசிய பெண்கள் அங்கே போய்ப் பேசினார்கள். 'லேடீஸ் ஸ்டேஷனுக்குப் போயிடுவேன்' என்ற ஒரு வார்த்தையே பல கைகளைத் தடுத்தது. என் அம்மா தலைமுறைக்கு அந்த வார்த்தை கிடையாது.

ஆனால் அதே 1992இல், ஜூன் 20 அன்று, அதே அரசின் வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஆட்கள் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்திக்குள் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று புகுந்தார்கள். 18 பழங்குடிப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தீர்ப்பு வர 19 வருடம் ஆனது. 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'போலீஸிடம் போ' என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். எந்தப் போலீஸ்? எங்கள் அண்ணன் தம்பியைச் சந்தேக கேஸில் நடுராத்திரியில் இழுத்துப் போகும் போலீஸ். அதே வாசலுக்கு ஒரு தலித் பெண் தன் புருஷன்மேல் புகார் கொடுக்கப் போகும்போது, அவள் மனதில் எழும் பயம் புருஷன் மேல் உள்ள பாசம் மட்டும் அல்ல. உள்ளே போனவன் எப்படித் திரும்பி வருவான் என்ற பயம். அமெரிக்காவில் கிம்பர்லே கிரென்ஷா 1991இல் கறுப்பினப் பெண்களைப் பற்றி எழுதியது இதைத்தான். வட்டாரவாரியாகக் குடும்ப வன்முறைக் கணக்கை லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸிடம் கேட்டார், தரவில்லை. வெளியிட்டால் 'இது சிறுபான்மையினரின் பிரச்சினை' என்று தள்ளிவிடுவார்களோ என்று பெண் உரிமைக்காரர்களுக்கு ஒரு பயம். தங்கள் மக்களுக்கு வன்முறையாளர் என்ற முத்திரை விழுமோ என்று சமூகத் தலைவர்களுக்கு ஒரு பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் அடிபட்டவளின் குரல் காணாமல் போனது.

மகளிர் நிலையங்களின் நடைமுறையும் மெல்ல மெல்ல ஒரு வடிவத்துக்கு வந்தது. புகார் மனுவாகும், மனுவுக்கு சி.எஸ்.ஆர்., பிறகு அழைப்பு, கவுன்சிலிங், சமரசம், எழுத்து. இந்த சி.எஸ்.ஆர். ரசீது நாடாளுமன்றம் இயற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எங்கும் கிடையாது. நம் மாநிலக் காவல் துறையின் நடைமுறை அது. 2020இல் வெளியான நிர்விகார் ஜஸ்ஸலின் ஹரியானா ஆய்வு ஒன்று, மகளிர் நிலையம் வந்ததால் வழக்குப் பதிவு கூடவில்லை, மற்ற நிலையங்கள் பெண்களை அங்கே தள்ளிவிட்டன, பெண்கள் அலைவதுதான் கூடியது என்று காட்டியது. "இது லேடீஸ் மேட்டர், அங்க போம்மா" என்பது நமக்கும் பழகிய வசனம்தான்.

சட்டம் வந்தது, வீடு போனது

2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. கணவனை ஜெயிலுக்கு அனுப்பாமலே பாதுகாப்பு உத்தரவு, குடியிருக்கும் உரிமை, பணம், பிள்ளைகளின் பொறுப்பு எல்லாம் கேட்கலாம். உடம்பு, பாலியல், வார்த்தை, பொருளாதாரம் என்று வன்முறையின் நான்கு முகங்களையும் அது ஒப்புக்கொண்டது. மூன்று நாளில் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிக்க முயற்சி என்று எழுதியிருக்கிறது. வாய்தா வாங்கி வாங்கித் தேய்ந்தவர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும்.

தாலி கட்டிய சாட்சி இல்லாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் 2010இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வரிசையாக நிபந்தனைகள் போட்டது. 'கீப்' என்ற சொல்லைத் தீர்ப்பிலேயே பயன்படுத்தியது. அன்றைய கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங் நீதிமன்றத்திலேயே அதை எதிர்த்தார். பதிவும் பத்திரிகையும் இல்லாமல் குடும்பம் நடத்தும் உழைக்கும் பெண்களைத்தான் அந்தச் சொல் தொட்டது.

498-ஏ பக்கமும் கயிறு இறுகியது. 2014இல் கண்மூடிக் கைது செய்யக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2017இல் புகாரைக் குடும்ப நலக் குழு பார்க்க வேண்டும் என்றது, 2018இல் அதைத் திரும்பப் பெற்றது. 2025 ஜூலையில், இரண்டு மாதக் காத்திருப்பும் குடும்ப நலக் குழுவும் கொண்ட அலகாபாத் நெறிமுறைகளுக்கு மறுபடி ஒப்புதல் தந்தது. கைது மட்டுமே தீர்வு என்று நானும் சொல்லவில்லை. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் 1980களில் நடந்த பரிசோதனை, கைது செய்தால் மறுபடி அடிப்பது குறைகிறது என்றது. மில்வாக்கியில் அதையே செய்து பார்த்தபோது, வேலையற்ற ஆண்களிடம் வன்முறை கூடியது. அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்தில் கைது என்ன செய்யும் என்பது அவளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் குடியிருக்கும் உரிமை அவளுக்கு அவ்வளவு முக்கியம்.

ஆனால் எந்த வீட்டில் குடியிருப்பது? 2000 முதல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு கரையோரங்களிலிருந்து நம் மக்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2022 மே மாதத்தில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரை இடித்தபோது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். இடித்தது வீட்டை மட்டும் அல்ல. பழைய தெருவில் அவன் கை ஓங்கினால் எதிர் வீட்டு ஆயா விளக்குமாற்றோடு வருவாள். அம்மா வீடு நாலு குடிசை தள்ளி இருக்கும். பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில், கதவைச் சாத்தினால், பக்கத்தில் யார் என்றே தெரியாது. அம்மா வீட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். தவறு இழைக்கப்பட்ட ஒரு மனைவி அரசன் வாசலில் நியாயம் கேட்டதைக் காவியமாக்கிய நாடு, அவள் பெயரைச் சூட்டிய நகரில் ஒரு பெண்ணுக்கு நியாயம் கேட்கும் வாசலையே தூரமாக்கிவிட்டது.

மீண்டும் அந்தப் 'பொது இடம்'

இப்போது அந்த 1888 சொல்லுக்குத் திரும்புவோம். சாதி மறுத்துக் கல்யாணம் செய்த தலித் பெண்ணை, கோபம் வந்தால் சாதி சொல்லித் திட்டுகிற கணவனும் மாமியாரும் உண்டு. தட்டைத் தனியாக வைக்கிறவர்கள் உண்டு. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சாதி சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது, பொதுமக்கள் பார்வையில் நடந்தால். வெளியாட்கள் யாரும் இல்லாமல் வீட்டின் நான்கு சுவருக்குள் நடந்தது பொதுப் பார்வை ஆகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அது கணவன் மனைவி வழக்கு அல்ல. ஆனால் சமையலறையில் கேட்கும் சாதிப் பெயருக்கும் அதே நான்கு சுவர்தான். குடும்ப வன்முறைச் சட்டத்தில் அவமானப்படுத்துவது இருக்கிறது, குழந்தை இல்லை என்று குத்திக்காட்டுவதுகூடத் தனியாக இருக்கிறது. சாதி என்ற சொல் இல்லை. ஒரு சட்டத்துக்கு அவள் மனைவி மட்டும். இன்னொரு சட்டத்துக்கு அவள் தெருவில் நின்றால் மட்டும் தலித்.

பாமா 1994இல் எழுதிய 'சங்கதி'யில் அடிபட்ட பெண்கள் தெருவுக்கு வந்து கத்துவார்கள். படித்தவர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். எனக்கோ அது சட்டம் தெரிந்தவர்கள் செய்யும் வேலையாகத் தோன்றுகிறது. தெருவுக்கு வந்தால்தான் குற்றம் என்றால், குற்றத்தைத் தெருவுக்குக் கொண்டுவரத்தானே வேண்டும்?

நாம் பேசாதது

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21), தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்திய அளவில் 29.3. வன்முறைக்கு ஆளான பெண்களில் நாடு முழுக்க உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். இந்த 38 சதவீதத்தைச் சேரியில் மட்டும் தேட முடியாது. மயிலாப்பூர் மாட வீதி அடுக்குமாடியிலும் தி.நகர் பங்களாவிலும் அது இருக்கிறது. அங்கே சுவர் கனமானது, அவ்வளவுதான். காலையில் வீங்கிய முகத்தோடு வரும் வேலைக்காரப் பெண்ணிடம் "உங்க ஆளுங்க குடிச்சா இப்படித்தான்" என்று சொல்லும் அம்மாளின் கைவளையலுக்குக் கீழேயும் நான் தழும்பு பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதைச் சொல்லி நாம் தப்பிக்கக் கூடாது. சாதியைக் காப்பாற்றுவதே பெண்ணைக் கட்டுப்படுத்தித்தான் என்று பாபாசாகேப் 1916இலேயே எழுதினார். சாதியை ஒழிக்கக் கிளம்பியவர்கள் வீட்டில் அந்தக் கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டிருந்தால் அதற்கு என்ன பெயர்? ப.சிவகாமி 1989இல் 'பழையன கழிதலும்' நாவலில் ஊருக்குத் தலைவனாகவும் வீட்டில் மனைவியரை அடக்குபவனாகவும் இருக்கும் தலித் ஆணை எழுதினார். ஆந்திரம், பீகார், தமிழ்நாடு–புதுச்சேரி, உத்தரப் பிரதேசத்தில் 500 தலித் பெண்களைச் சந்தித்த ஓர் ஆய்வில் 43 சதவீதம் பேர் குடும்ப வன்முறையைச் சொன்னார்கள். நம் அமைப்புகளில் சாதிக் கொலைக்கு உடனே கூடுகிறோம், கூட வேண்டும். தோழர் ஒருவர் மனைவியை அடித்தால் "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கலாம்" என்கிறோம். போலீஸ் சொல்லும் அதே வாக்கியம்.

எனவே சில காரியங்கள். மன்றத்தில் பஞ்சாயத்து பேசினால், அவள் இல்லாமல், அவளுக்கு நம்பிக்கையான இன்னொரு பெண் இல்லாமல் பேசாதீர்கள். எழுதி வாங்குவதை அவனிடமிருந்து மட்டும் வாங்காமல், அதன் நகலை அவள் கையில் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். போடும்போது "விழுந்துட்டேன்" என்று சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள், அந்த ஒரு வரி பிறகு அவளுக்கு எதிராக நிற்கும். எந்த நிலையத்திலும் எஃப்.ஐ.ஆர். கேட்கலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பப் புதிய நடைமுறைச் சட்டத்தில் இடமில்லை. பதிய மறுத்தால் மேலதிகாரிக்கு எழுத்தில் அனுப்பலாம், அதற்கும் மேலே மாஜிஸ்திரேட். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 181 என்ற எண் எந்த நேரமும் இயங்குகிறது. பாதுகாப்பு அலுவலர் மூலம் நேரே மாஜிஸ்திரேட்டிடம் போக ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே வேண்டியதில்லை.

அந்த ஐந்து ரசீதுகளையும் நகல் எடுத்து, தேதி வரிசையில் அடுக்கி, குடும்ப நிகழ்வு அறிக்கையோடு இணைத்திருக்கிறோம். மனுவில் வரதட்சணை என்று ஒரு வரிகூட இல்லை. அவன் அடித்தான், இந்தத் தேதிகளில் அடித்தான், இவர்கள் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள் என்று மட்டும் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது அவர் கேட்டார்: "இவ்ளோதானா மேடம்? நகை கிகை எதுனா எழுதணுமா?"

"வேணாம். நடந்தது போதும்" என்றேன்.

முதல் வாய்தா அடுத்த வாரம். ஜெய்பீம்.